பிறருக்காக எழுந்து நின்றவர்கள்

"ஃபாதர், எங்களுக்காகச் செபித்துக்கொள்ளுங்கள்." குருத்துவப் பணியில் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுவே. பேருந்து நிறுத்தத்திலும், மருத்துவமனை வாசலிலும், திருமணப் பந்தலிலும் இவ்வேண்டுகோள் என்னைத் தேடி வந்திருக்கிறது. இதைக் கேட்பவரின் நம்பிக்கை போற்றுதற்குரியது. ஆயினும், "நீங்கள் இன்று யாருக்காகச் செபித்தீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பலர் திகைத்துப் போகிறார்கள். பிறருக்காக மன்றாடுவது குருவின் வேலை, அதன் பலனைப் பெறுவது மக்களின் பங்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தொடக்கத் திருச்சபை இப்படித்தான் எண்ணியதா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பாலஸ்தீனத்தில் பிறந்து, மெய்யறிவைத் தேடிப் பல தத்துவ ஆசிரியர்களிடம் அலைந்து, இறுதியில் கிறிஸ்துவிடம் அதைக் கண்டடைந்தவர் புனித யுஸ்தீன். ஏறத்தாழ கி.பி. 155-இல் அவர் உரோமைப் பேரரசர் அந்தோனினுஸ் பியுசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் மறைவில் கூடி என்ன செய்கிறார்கள் என்னும் ஐயத்தைப் போக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஞாயிறுதோறும் மறைநூல் வாசிக்கப்படும். தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுவார். பின்னர் எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்று மன்றாடுவர். அதன் பின்னரே அப்பமும் இரசமும் கொண்டுவரப்படும் என்று அவர் விளக்குகிறார். தங்களுக்காகவும், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவருக்காகவும், எவ்விடத்திலும் வாழும் அனைவருக்காகவும் அவர்கள் வேண்டினார்கள்.

இங்கே எழுந்து நின்றவர் தலைவர் மட்டுமல்லர், அனைவருமே. மேலும், திருமுழுக்குக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தோர் இம்மன்றாட்டில் சேர அன்று அனுமதிக்கப்படவில்லை. திருமுழுக்குத் தண்ணீரிலிருந்து எழுந்தவருக்குக் கிடைத்த முதல் உரிமைகளுள் ஒன்று, உலகத்திற்காகக் கடவுள் முன் நின்று பேசும் உரிமை. இதற்கு 'விசுவாசிகள் மன்றாட்டு' என்னும் பெயர் பொருந்துவது இதனாலேயே.

அவர்கள் மன்றாடியது யாருக்காக? அரசர்களுக்காகவும் உயர்நிலையில் உள்ளோருக்காகவும் வேண்டுமாறு திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் பணித்திருந்தது. யுஸ்தீனும், பேரரசருக்கு அதிகாரத்தோடு நல்லறிவும் அமைய வேண்டும் என மன்றாடுவதாகத் தம் விண்ணப்பத்தில் கூறுகிறார். அவ்விண்ணப்பம் பேரரசரின் தத்துப்பிள்ளையான மார்க்குஸ் அவுரேலியுசையும் விளித்து எழுதப்பட்டது. யுஸ்தீன் எவருக்காக வேண்டினாரோ, அந்த மார்க்குஸ் அவுரேலியுசின் ஆட்சியிலேயே, ஏறத்தாழ 165-இல், உரோமையில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். மன்றாட்டு அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால், கொல்லும் கையையும் பகைக்காத உள்ளத்தை அது உருவாக்கியிருந்தது. 197-இல் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியனும், பேரரசரின் நீடிய வாழ்வுக்காகக் கிறிஸ்தவர்கள் வேண்டுவதாகவே எழுதினார்.

இத்தகைய மன்றாட்டு, ஆறாம் நூற்றாண்டளவில் உரோமைத் திருப்பலியிலிருந்து படிப்படியாக மறைந்தது. சில நாடுகளில் மறையுரை மேடையிலிருந்து மக்கள் மொழியில் சொல்லப்பட்ட வேண்டல்களாக அதன் சாயல் நீடித்தது. ஆயினும், மக்கள் நெடுங்காலம் குருவின் இலத்தீன் செபத்தைக் கேட்டிருப்பவர்களாயினர். 'செபிப்பது சாமியார் வேலை' என்னும் எண்ணம் வளர இது ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

பழைய மன்றாட்டு தன் முழு வடிவில் நிலைத்தது பெரிய வெள்ளியன்று மட்டுமே. அங்கும் ஒரு கறை படிந்தது. யூதருக்கான மன்றாட்டில் இருந்த ஓர் இலத்தீன் சொல்லுக்கு 'நம்பிக்கை கொள்ளாதோர்' என்பது தொடக்கப் பொருள். காலப்போக்கில் அது 'வஞ்சகர்' என்றே ஒலித்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்ட மக்கள், இதற்கு மட்டும் முழந்தாளிடுவதைக்கூட விட்டுவிட்டனர். ஒருவருக்காகச் செபித்துக்கொண்டே அவரை இழிவுபடுத்தவும் இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1955-இல் முழந்தாளிடுதல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1959-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அச்சொல்லையே நீக்கினார். நம் மன்றாட்டும் மனமாற்றம் பெற வேண்டியதே என்று திருச்சபை அன்று கற்றுக்கொண்டது.

பின்னர் 1963 டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன் 53-ஆம் எண், விசுவாசிகள் மன்றாட்டை மீண்டும் நிறுவப் பணித்தது. திருச்சபைக்காகவும், ஆட்சியாளருக்காகவும், பல்வேறு தேவைகளால் வருந்துவோருக்காகவும், மனுக்குலம் முழுவதற்காகவும் மக்களின் பங்கேற்புடன் அது நடைபெற வேண்டும் என்றது. திருமுழுக்கினால் வந்த பொதுக்குருத்துவத்தை இறைமக்கள் செயல்படுத்தும் நேரம் அது.

இழந்ததைத் திரும்பப் பெற்றோம். அதை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? ஞாயிறு திருப்பலியில் அச்சிட்ட தாளிலிருந்து நால்வர் விரைந்து வாசிக்கிறார்கள். நாமும் பழக்கத்தால் பதில் கூறுகிறோம். "நம் தனிப்பட்ட தேவைகளுக்காக" என்னும் இறுதி வேண்டலின்போது மட்டும் ஆலயத்தில் உண்மையான அமைதி நிலவுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் நிலையும் அதுவாகவே இருந்தது.

முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், ஒருவர் என்மீது பழி சுமத்தி மேலிடத்துக்கு மனு எழுதினார். 'பகைவருக்காகச் செபியுங்கள்' என்று அவ்வாண்டும் நான் மறையுரை ஆற்றினேன். அவர் பெயரைச் சொல்லிச் செபிக்க மட்டும் என் நாவு எழவில்லை. தவக்காலத்தில் ஒருநாள், யாரும் இல்லாத ஆலயத்தில், அவர் பெயரை உரக்கச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அவர் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால், அவர் வீட்டில் இறப்பு நேர்ந்தபோது அவ்வீட்டுப் படியேற எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. இது அந்தச் செபத்தின் பலன் என்றே நம்புகிறேன்.

அன்பார்ந்தவர்களே, குருவிடம் செபம் கேளுங்கள், தவறில்லை. அத்தோடு நீங்களும் எழுந்து நில்லுங்கள். வரும் ஞாயிறன்று, தாளில் அச்சிடப்படாத ஒரு பெயரை உங்கள் நெஞ்சில் ஏந்தி வாருங்கள். அது உங்களை விரும்பாத ஒருவரின் பெயராக இருக்கட்டும். யுஸ்தீன் நின்ற வரிசையில் அன்று நீங்களும் நிற்பீர்கள்.