ஊர்க்கட்டுப்பாடு சட்டமானபோது: அலபாமா, 2011

அமெரிக்காவின் தெற்கே உள்ள அலபாமா மாநிலத்தில் 2011 ஜூன் 9ஆம் தேதி ஆளுநர் ராபர்ட் பென்ட்லி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஹெச்.பி. 56 என்று அதற்குப் பேர். உரிய காகிதம் இல்லாமல் குடியேறியவர்களுக்கு எதிரான சட்டம். கோழி வெட்டும் ஆலை, தக்காளித் தோட்டம், கட்டட வேலை என்று உடம்பு நோகும் வேலையெல்லாம் செய்துகொண்டிருந்த மெக்சிகோ, குவாதமாலா நாட்டுச் சனங்கள்தான் அதன் குறி.

சட்டம் சொன்னதைப் பாருங்கள். சந்தேகப்பட்டால் போலீஸ் காகிதம் கேட்கலாம். பள்ளியில் சேரும் பிள்ளையின் குடியுரிமை நிலையைப் பள்ளிக்கூடம் விசாரிக்க வேண்டும். காகிதமில்லாதவர் என்று தெரிந்தே ஒருவரோடு போட்ட ஒப்பந்தம் கோர்ட்டில் செல்லாது. தெரிந்தே வீடு வாடகைக்குக் கொடுப்பதும் வண்டியில் ஏற்றிப்போவதும் குற்றம். இது அவர்கள் வாழ்க்கையின் ஒவ்வொரு அம்சத்தையும் தாக்கும், தாங்களாகவே போய்விடுவார்கள் என்று, சட்டத்தைக் கொண்டுவந்த மிக்கி ஹாமன் சபையிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்க்கட்டுப்பாடுதான் ஞாபகம் வந்தது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று எங்க தெரு சொன்ன வருஷம், அடிக்க ஒருத்தரும் வரவில்லை. கடையில் சாமான் தரவில்லை, வயலில் வேலை தரவில்லை, அவ்வளவுதான். கட்டுப்பாடு போடுகிறவனுக்குக் கை தேவை. கையோடு சேர்ந்து வருகிற மனுசனும் அவன் புள்ளகுட்டியும்தான் வேண்டாம். அலபாமாவில் இதையே அரசாங்கம் பகலில், முத்திரை குத்திச் செய்தது.

2011 செப்டம்பர் 28இல் நீதிபதி ஷாரன் பிளாக்பர்ன் சட்டத்தின் பெரும்பகுதியை அமலாக விட்டார். அடுத்த திங்கட்கிழமை மாநிலம் முழுக்க 2,000க்கும் மேற்பட்ட லத்தீனோ பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆல்குட் என்ற சிற்றூரில், அலபாமா அடையாள அட்டை காட்டாவிட்டால் தண்ணீர் இணைப்பு போய்விடலாம் என்று குடிநீர் அலுவலகம் அறிவிப்பு ஒட்டியது. தண்ணீரில் கைவைப்பது என்றால் என்னவென்று 1927 மகத் குளத்தை அறிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டினார்கள். பறிக்க ஆளின்றித் தக்காளி செடியிலேயே அழுகியது. போகாமல் நின்றவர்கள் அக்டோபர் 12ஆம் தேதி வேலைக்குப் போகவில்லை. அல்பர்ட்வில் பக்கம் கோழி ஆலைகள் மூடின, சில பாதி ஓட்டத்தில் ஓடின. யார் உழைப்பில் ஊர் சாப்பிடுகிறது என்பது அன்றைக்கு வெட்டவெளிச்சமானது.

இதில் கறுப்பர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ‘உன் வேலையைப் பிடுங்குறவன் இவன்தான்’ என்று வேலையில்லாதவர்களிடம் சொல்லித்தான் சட்டம் விற்கப்பட்டது. ஆனால் செனட்டில் அதை முன்னின்று கொண்டுவந்த ஸ்காட் பீசன், ஒரு சூதாட்ட விடுதிக்கு வரும் கறுப்பர்களை ‘ஆதிவாசிகள்’ என்று ஏளனம் செய்தது ஒலிப்பதிவாகி, அதே 2011இல் கோர்ட்டில் வெளிவந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார். வந்தேறியை வெறுக்கும் வாய்தான் சொந்த மண்ணின் கறுப்பரையும் இழித்துப் பேசியது.

பர்மிங்காமில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. 1963இல் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நான்கு கறுப்புச் சிறுமிகள் செத்த இடம். 2011 நவம்பர் 21இல் அங்கேதான் கறுப்பர்களும் லத்தீனோக்களும் ஒன்றாகக் கூடினார்கள். 2012 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு, 1965இல் வாக்குரிமைக்காக நடந்த அதே பாதையில், இந்தச் சட்டத்தை எதிர்த்தும் நடந்தார்கள். கறுப்பர் எல்லோரும் வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வந்தவர்கள் தங்கள் நினைவின் முக்கியமான இடங்களையே அடுத்தவர் போராட்டத்துக்குத் திறந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடப் பிரிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. 2013 அக்டோபரில் ஏற்பட்ட உடன்பாட்டில், அந்தப் பிரிவையும் ஒப்பந்தப் பிரிவையும் இனி அமலாக்க மாட்டோம் என்று மாநிலம் ஒப்புக்கொண்டு, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு 3,50,000 டாலரும் கொடுத்தது. வண்டியை மறிக்கும் போலீஸ் காகிதம் கேட்கும் பிரிவு மட்டும் முழுதாகச் சாகவில்லை. அதற்காக மட்டுமே ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற அளவில்தான் கட்டுப்பட்டது.

இன்றைக்குத் திருப்பூரிலும் சென்னையிலும் பீகார், ஒடிசா கூலிகளைப் பார்த்து ‘வடக்கன் வேலையைப் பிடுங்குறான்’ என்கிற பேச்சு நடக்கிறது. நம்ம தெருப் பையன்களும் அதைச் சொல்கிறார்கள். அந்தக் கூலிகளில் தலித்தும் உண்டு, ஆதிவாசியும் உண்டு. கூலியைக் குறைத்து இரண்டு பேரையும் மோதவிடும் முதலாளியை விட்டுவிட்டு இவர்களை ஏசுவது யாருக்கு லாபம்? நம்ம சங்கங்களில், நம்ம இரவுப் பள்ளிகளில் அவர்களுக்கு இடம் உண்டா என்று தோழர்கள் பேசத் தொடங்க வேண்டும்.