கோப்பெருஞ்சிங்கனும் சோழர் முடியும்

களந்தையில் வாழ்ந்த கூற்றுவநாயனார் வரலாற்றை அன்பர் பலகாற் படித்திருப்பர். பல மன்னரை வென்று நாடு கொண்ட அக்குறுநிலத் தலைவர்க்கு மணிமுடி ஒன்றே எஞ்சி நின்றது. அதனைச் சூட்டுமாறு வேண்டியபொழுது, சோழர் மரபினர்க்கன்றிப் பிறர்க்குச் சூட்டோம் என்று தில்லைவாழந்தணர் மறுத்து, பூசைக்கு ஒரு குடியினரை நிறுத்திச் சேரநாடு சென்றனர். கூத்தப்பெருமானோ தம் திருவடியையே அவர்க்கு முடியாகச் சூட்டியருளினார். இதனைப் பாடிய சேக்கிழார் சோழன் அமைச்சர் என்பது நினையத்தக்கது. அந்தணர் மறுப்பையும் அவர் மறைத்திலர். முடி மறுக்கப்பட்டவர்க்கு இறைவன் அருளினமையையும் மறைத்திலர்.

சேக்கிழார்க்குப் பின் நூறாண்டு செல்லுமுன்னரே இவ்வழக்குச் சோணாட்டில் மீண்டும் எழுந்தது. இம்முறை வாளொடு எழுந்தது.

மூன்றாங் குலோத்துங்கன் காலத்தே நடுநாட்டிலும் தொண்டைநாட்டிலும் சம்புவராயர், காடவராயர், மலையமான், வாணர், தகடூர் அதிகமான் முதலிய சிற்றரசர் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு அவற்றைக் கல்லில் வெட்டுவித்தனர். ஒருவர் பகைவரொடு மற்றவர் சேர்தலில்லை என்பது அவற்றின் சாரம். கல்வெட்டின் தலையில் வேந்தன் பெயரும் ஆட்சியாண்டும் குறைவின்றி நிற்கும். உள்ளே வேந்தனைக் கேளாமலே போரும் நட்பும் முடிவு செய்யப்பட்டிருக்கும். ஏறக்குறைய அக்காலத்தே, கி.பி. 1215-இல், இங்கிலாந்துப் பிரபுக்கள் யோவான் அரசனைத் தேம்சு நதிக்கரையில் மறித்து, அவனையே ஒரு பட்டயத்துக்கு உட்படுத்தினர். அப்பட்டயம் நடைபெறுகின்றதா என்று காண இருபத்தைவர் பிரபுக்களும் அதன்கண் விதிக்கப்பட்டனர். நம் நாட்டுத் தலைவரோ அரசனிடத்து ஒரு வரியும் எழுதி வாங்கினாரல்லர், தமக்குள்ளேயே கட்டுண்டனர். ஆதலின் அரசன் தளர்ந்தபோது அவனைக் கட்டுப்படுத்தும் எழுத்து ஒன்றுமில்லை. அவனையே பிடித்துக் கட்டுதல் எளிதாயிற்று என்பது எம் கருத்து.

அங்ஙனம் பிடித்தவன் சேந்தமங்கலத்துக் காடவனாகிய கோப்பெருஞ்சிங்கன். கி.பி. 1216-இல் பட்டமெய்திய மூன்றாம் இராசராசன் வலிகுன்றியவன். அவனைத் தெள்ளாற்றில் வென்று, அரச சின்னங்கள் அனைத்தையும் கவர்ந்து, சிறையிட்டான் காடவன் என்பது வயலூர்க் கல்வெட்டு. சிறைவைத்த ஊராகிய சேந்தமங்கலத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமான் ஆபத்சகாயேசுவரர்! அத்திருப்பெயரை ஆண்டு யார் யார் எவ்வெவ்வாறு நினைந்து வேண்டினரோ!

செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிங்கன், சோழராச்சியத்தை நிலைநிறுத்தியன்றி எக்காளம் ஊதுவதில்லை என்று சூளுற்றுத் தன் படைத்தலைவர் அப்பண்ணன், சமுத்திரகோப்பயன் என்னும் இருவரை விடுத்தான். அவர்கள் காடவன் ஊர்களை அழித்து, பொன்னம்பலத்தை வணங்கி, மேலுஞ் சென்று சேந்தமங்கலத்தை நெருங்கிய அளவில் அவன் சோழனை விடுவிக்க இசைந்தான். கி.பி. 1231-ஐ ஒட்டிய இந்நிகழ்ச்சியைத் திருவகீந்திரபுரக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. காடவன் படை சிவாலயங்களையும் திருமால் தலங்களையும் அழித்தது என்ற குற்றச்சாட்டும் அதன்கண் உண்டு.

சைவராகிய நாம் இடர்ப்படும் இடம் இதுவே. இவன் மகன் இரண்டாங் கோப்பெருஞ்சிங்கன் (கி.பி. 1243-1279) பகைவரை வென்ற பொருளால் தில்லைக் கீழைக்கோபுரத்தை எடுத்தான் என்று திரிபுராந்தகக் கல்வெட்டுக் கூறுகின்றது. 'பரதம்வல்ல பெருமாள்' என்ற பட்டம் பூண்டவன் அவன். நூற்றெட்டுக் கரணங்களும் அக்கோபுர வாயிலில் வடிக்கப்பட்டுள்ளன. ஒரே குடியிற் கோயிலை இடித்த பழியும் கோபுரம் எடுத்த புகழும் எங்ஙனம் சேர்ந்தன? குற்றஞ்சாட்டியது வென்றவர் வெட்டுவித்த கல் என்பதை மறத்தலாகாது. எனினும் படை சென்ற வழியில் ஆலயம் சிதைந்ததில்லை என்று அடித்துரைக்கவும் யாம் துணியோம். தந்தை செயலை மகன் திருப்பணியால் கழுவிவிடலாம் என்னும் சிலர் சமாதானமும் எமக்கு உடன்பாடன்று. திருப்பணியின் பயன் செய்தவனைச் சேரும். வரலாற்றுக் கணக்கு வேறு.

இன்னொன்று கருதுக. காடவர் தம்மைப் பல்லவர் வழியினர் என்றனர். பல்லவர்க்குத் திறை கொடாத மன்னரைத் தில்லைப்பெருமான் வருத்துவான் என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் கோயிற்பதிகத்தில் அருளியிருத்தல் அன்பர் அறிந்ததே. அந்தணர் முடி மறுத்த ஊரில், அப்பதிகம் ஒலிக்கும் சந்நிதி வாயிலில், பல்லவர் குடியினன் எனப்பட்டவன் கோபுரம் நாட்டியது வெறும் அன்பு மட்டுமன்று, உரிமைப்பேச்சும் ஆம். அன்பில்லை என்பார் கரணச்சிற்பங்களை ஒருமுறை நின்று பார்க்க.

கி.பி. 1279-இல் இரண்டாங் கோப்பெருஞ்சிங்கன் ஆட்சியும், இறுதிச் சோழனாகிய மூன்றாம் இராசேந்திரன் ஆட்சியும் ஒருங்கே முடிந்தன. அதற்கு முன்னரே சடாவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றி, பொன்னம்பலத்துக்குப் பொன்னும் வேய்ந்துவிட்டான்.