தரவரிசைக்கு முந்திய பெயர்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் துறைகள்

ஒரு பல்கலைக்கழகத்தின் நற்பெயர் எதனால் நிலைபெறுகிறது? அதன் பட்டதாரிகளின் தொகையாலா, கட்டடங்களின் பொலிவாலா, அன்றி மேற்படிப்பு, ஆய்வுத் துறைகளுக்குக் கிடைக்கும் வரிசை எண்ணாலா? ஆண்டுதோறும் தேசியத் தரவரிசை வெளியாகும்போது கோடம்பாக்கம், மாம்பலம், மயிலாப்பூர்ப் பகுதிகளின் இல்லங்களில் இவ்வினா எழுகின்றது. பிள்ளைகளின் எதிர்காலம் இவ்வெண்ணைக் கொண்டே முடிவு செய்யப்படும் காலம் இது. ஆகவே, இம்மாநகரின் முதற் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் பயனுடையது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நிறுவப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அது, தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே விளங்கிற்று. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாக இருந்தது. நவாபின் சேப்பாக்கம் அரண்மனைக்கு அருகில் 1879இல் எழுந்து முடிந்த செனட் மண்டபம் அதன் பெருமைக்குச் சின்னமாயிற்று. எனினும் அப்பெருமை பட்டத்தின் பெருமையே, ஆய்வின் பெருமையன்று.

ஆய்வுக்கு வழி திறந்த நிகழ்ச்சி ஒன்று 1913இல் நடந்தது. பட்டம் ஏதும் பெறாதவரான சீனிவாச இராமாநுசனுக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கிற்று. பின்னர், 1923ஆம் ஆண்டுச் சட்டம் கற்பித்தலையும் ஆய்வையும் பல்கலைக்கழகத்தின் நேரடிக் கடமைகளாக்கியது. வரலாற்றுத் துறையில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை எழுதினார். தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றுக்கான துறையில் முஹம்மது ஹுசைன் நயினார், நவாபுகளின் வரலாறு கூறும் ‘துஸுக்கே வாலாஜாஹி’ எனும் பாரசீக நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தென்னிந்தியா பற்றி அரபுப் புவியியலாளர் அறிந்திருந்தவற்றைத் தொகுத்த அவரது நூலைப் பல்கலைக்கழகம் 1942இல் வெளியிட்டது. தமிழகத்துக்கும் அரபு நாட்டுக்கும் இடையிலான பழந்தொடர்பை ஆராய்வோர் இன்றளவும் அந்நூலை நாடுகின்றனர்.

கோடம்பாக்கத்தில் மின்தொடர் வண்டி ஏறித் தெற்கே செல்வோர் மூன்றாம் நிலையமாகக் கிண்டியை அடைவர். அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில்தான் ஜி. என். இராமச்சந்திரனின் இயற்பியல் துறை இயங்கிற்று. 1952இல் துறைத்தலைவராகப் பொறுப்பேற்ற அவர், அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் எனும் புரதத்தின் மாதிரிகளைப் பெற்று ஆராய்ந்தார். அப்புரதம் மூன்று இழைகள் முறுக்குண்ட அமைப்புடையது என்பதை 1954இல் கோபிநாத் கார்த்தாவுடன் இணைந்து அறிவித்தார். 1963இல் வெளியான ‘இராமச்சந்திரன் வரைபடம்’ உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. அந்நாளில் இந்தியாவில் தேசியத் தரவரிசை ஏதும் இல்லை. ஆயினும் சென்னையின் பெயர் ஆய்விதழ்கள் வழியே அயல்நாடுகளை எட்டிற்று. அவர் பெங்களூருக்குச் சென்று 1971இல் அங்கே புதிய துறையை அமைத்தபோது, அப்புகழில் ஒரு பங்கும் அவருடன் பெயர்ந்தது.

தரவரிசையின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அமெரிக்காவில் மேற்படிப்புத் துறைகளை முதன்முதலாக வரிசைப்படுத்தியவர்களுள் ஒருவரான ரேமண்ட் ஹியூஸ், 1925இல் அறிஞர்களிடம் ஒவ்வொரு துறையைப் பற்றியும் கருத்துக் கேட்டு அதனையே மதிப்பெண்ணாக்கினார். அதாவது, ஏற்கெனவே நிலவிய பெயரே வரிசையை உண்டாக்கியது. காலப்போக்கில் இவ்வொழுங்கு தலைகீழானது. ஷாங்காய் பட்டியல் 2003இல் வெளிவந்த பின் வரிசையே பெயரை உண்டாக்கும் என்னும் நம்பிக்கை பரவிற்று.

இஸ்லாமியக் கல்வி மரபு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அங்கே ‘இஜாஸா’ எனும் கற்பிக்கும் அனுமதியை வழங்கியவர் ஆசிரியர், மதரஸா அன்று. மாணவர் எந்த நிறுவனத்தில் பயின்றார் என்பதைவிட யாரிடம் பயின்றார் என்பதே முதன்மை பெற்றது. பாக்தாதின் நிஜாமிய்யா 1067இல் திறக்கப்பட்டது. 1091 முதல் 1095 வரை இமாம் கஸ்ஸாலி அங்கே பாடம் நடத்தியதால் அதன் புகழ் மேலும் ஓங்கிற்று.

இந்தியாவின் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு 2015இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் முதற் பட்டியல் வெளிவந்தது. அதில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் நூற்றுக்கு 30, ஆய்வுக்கு 30, பொதுக் கருத்துக்கு 10 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. இதன் பயனை மறுத்தல் தகாது. ஆசிரியப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தால் ஆசிரியர், மாணவர் விகிதத்தில் அது வெளிப்பட்டுவிடும். பழம்பெருமை அக்குறையை மறைக்க இயலாது. ஆனால் ஆய்வை அளப்பதற்குப் பன்னாட்டுத் தரவுத்தளங்களில் பதிவான கட்டுரைகளே பெரிதும் கணக்கிடப்படுகின்றன. கையெழுத்துச் சுவடியைப் பதிப்பிப்பதும், பாரசீக நூலைப் பெயர்ப்பதும், தமிழில் ஆய்வுநூல் எழுதுவதும் அத்தளங்களுக்குள் அரிதாகவே புகுகின்றன. நயினாரின் உழைப்பை இவ்வளவுகோல் கொண்டு அளந்தால் அதற்குக் கிடைப்பது சிறு மதிப்பெண்ணே.

எண்ணைக் கருதி நிதி ஒதுக்கும் பல்கலைக்கழகம், எண்ணுக்கு உதவாத சிறு துறைகளை வாடவிடும் என்பதே இங்குள்ள அச்சம். அரபு, பாரசீக மூலங்களைப் படிக்க வல்லார் ஒரு தலைமுறையில் அற்றுப்போனால், தமிழக வரலாற்றின் ஒரு பகுதி படிப்பாரற்றுப் போகும். அவ்விழப்பை எந்தப் பட்டியலும் காட்டாது.

ஆகவே தரவரிசை ஒரு கண்ணாடி எனலாம். முகத்தின் ஒரு பக்கத்தை அது காட்டும், முகத்தை உண்டாக்காது. மேற்படிப்பை நாடும் மாணவர் வரிசை எண்ணைப் பார்க்கட்டும். அத்துடன், தாம் சேரவிருக்கும் துறையில் இன்று கற்பிப்பவர் யார், அவர் எழுதியவை யாவை, அவரிடம் பயின்றோர் எங்குள்ளனர் என்பவற்றையும் கேட்டறியட்டும். சேப்பாக்கத்துக்கும் கிண்டிக்கும் பெயர் தேடித் தந்தவை இவ்வினாக்களுக்கு உரிய விடைகளே.