மலையேறி வந்த கித்தார்

இளமையில் காதில் விழுந்த பாட்டு இலேசில் மறக்காது என்பார்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, இன்று அறுபதையும் எழுபதையும் தொட்டுவிட்ட நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாடல்களோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். கித்தாரும் டிரம்சும் அதிர்ந்த அந்த இசையையும் சேர்த்தே சொல்வார்கள்.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. கொழுந்து கிள்ளி அந்தத் தோட்டங்களை வாழ வைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விடியலில் பெரட்டு, பகலெல்லாம் முதுகில் கூடை, இரவில் எலும்பைத் துளைக்கும் குளிர். தாப்பாவிலிருந்து வளைந்து ஏறும் ஒரே சாலைதான் பல்லாண்டுகளாக வெளியுலகத்துக்கு வழி. ஆனால் பாட்டுக்குச் சாலை தேவையில்லையே! அறுபதுகளில் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வானொலி லயத்து வீடுகளுக்குள் நுழைந்தது.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து பாடிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கித்தார் குழுக்கள் முளைத்தன. மலாய் இளைஞர்கள் அவற்றைக் 'குகிரான்' என்றார்கள். 1964இல் எம். ஓஸ்மானின் 'சுசானா' வெளிவந்தது. பீட்டில்ஸ் போட்ட 'யே யே' கூச்சலையே பெயராகக் கொண்டு 'பாப் யே யே' அலை எழுந்தது. அதே 1964இல்தான் விசுவநாதன்-ராமமூர்த்தி இசையில் 'காதலிக்க நேரமில்லை' வந்து, தமிழ்ப் படத்திலும் கித்தாரைத் துள்ள வைத்தது. ஆக, தோட்டத்துப் பையன்களுக்கு ராக் இசை லண்டனிலிருந்து மட்டும் வரவில்லை. பாதி கோடம்பாக்கம் வழியாகவும் பாதி சிங்கப்பூர் வழியாகவும் வந்தது.

பெரியவர்களுக்கு இது பிடித்ததா? எங்கே பிடிக்கும்! முடி வளர்த்தவனைக் கண்டாலே உருப்படமாட்டான் என்று முடிவு கட்டினார்கள். இதை வெறும் பழைமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. குடியிருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பிள்ளை படித்தால்தான் மலையை விட்டு இறங்க முடியும். அந்த நிலையில் கையில் கித்தாரோடு நின்ற மகனைப் பார்த்துப் பெற்றவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

அந்தப் பயத்துக்குப் பதிலாக வந்தது ஒரு குழு. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அமைத்த 'அலேகேட்ஸ்'. ஹாங்காங் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாடல்கள் பாடிப் பழகி, எழுபதுகளின் இறுதியில் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பேர் வாங்கினார்கள். எம். நாசிர் அவர்களுக்குப் பல பாடல்களுக்கு இசையமைத்தார். தலையில் கூடையைக் கவிழ்த்தாற்போல் சுருட்டை முடி! உருப்படமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அதே முடிதான்.

"நம் பிள்ளைகள் ஏன் தமிழில் பாடவில்லை?" என்ற குறை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இசைத்தட்டு நிறுவனங்களின் சந்தை மலாயில் இருந்தது. தமிழ் ரசிகர்களோ சென்னையிலிருந்து வந்த படப்பாட்டையே காசு கொடுத்து வாங்கினார்கள். குறை பாடியவர்களிடம் மட்டுமா இருந்தது?

எண்பதுகளில் 'சர்ச்', 'விங்ஸ்' குழுக்களின் காலம். 1989இல் 'இசபெல்லா' பாடல் இந்தோனேசியா வரைக்கும் போயிற்று. 1992இல் நீண்ட முடிக்காரர்களுக்கு அரசு வானொலி, தொலைக்காட்சியில் தடை வந்தது. பாடகர்கள் ஏமியும் அவியும் முடி வெட்டிக்கொண்டார்கள். தோட்டத்துத் தகப்பன்மார் அன்று எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

தமிழிலேயே பாடி, மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்க வைத்தது 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் வெளியிட்ட 'வல்லவன்'. அது ராக் அல்ல, ராப். அடுத்த ஆண்டு, 2007 ஜூன் 4இல், லோகநாதன் புற்றுநோயால் காலமானார். இனம் பாராமல் மலேசியர்கள் அழுதார்கள்.

இதற்குள் தேயிலை மலையும் மாறிவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டன. கொழுந்து பறிப்போரில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைந்திருக்கிறார்கள். பழைய பாட்டை முணுமுணுப்பவர்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காதில் வேறு ஏதோ ஒலிக்கிறது. அதைக் கேட்டுத் தாத்தாமார் முகம் சுளிக்கிறார்கள்.