ஒரே இயற்கை, வேறு வேறு பாடநூல்

நெருப்பு எந்நாட்டிலும் சுடும்; நீர் எங்கும் பள்ளம் நோக்கியே பாயும். ஆயினும், இயற்கையைக் கற்பிக்கும் விஞ்ஞானப் பாடநூல் நாட்டுக்கு நாடு மாறுவதைக் காண்கிறோம்.

மனிதன் தாழ்ந்த உயிரினத்திலிருந்து தோன்றினான் எனப் பொதுப்பள்ளிகளில் கற்பிப்பதை 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் தடைசெய்தது. அவ்வாண்டே ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா திடுக்கிட்டது. 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. உயிரியல் நூல்கள் புதிதாக எழுதப்பட்டன. பரிணாமம் அவற்றில் இடம்பெற்றது. டென்னசியின் தடையும் 1967-இல் நீங்கிற்று.

இந்தியாவிலோ, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2023-இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமப் பகுதி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயில்வோரே அதனைக் காண்பர்.

நம் பிள்ளைகளின் நூலில் உள்ளதோடு, விடுபட்டதையும் நாம் அறிதல் வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் கற்றபின் செய்வதன்றோ!