போர்ட் பிளேர் தண்டனைக் குடியேற்றம்

அந்தமானில் 1858-இல் ஆங்கிலேயர் நிறுவிய கைதிகள் குடியேற்றம். இன்றைய ஸ்ரீ விஜயபுரம் இருக்குமிடம். 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தொடங்கிய முதல் குடியேற்றம், வடக்கே இடம் மாற்றப்பட்ட பின், நோயால் 1796-இல் கைவிடப்பட்டது.

1857 எழுச்சியில் பிடிபட்டவர்களைத் தீவாந்தரம் அனுப்ப ஓர் இடம் தேவைப்பட்டதால் அரசு மீண்டும் அந்தமானை நாடியது. 1858 மார்ச் 10 அன்று கண்காணிப்பாளர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். முதல் குடியிருப்பு சாத்தம் தீவில் அமைந்தது. அங்கு நன்னீர் போதாததால் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது.

விலங்கு பூட்டிய காலோடு அடர்காட்டை வெட்டித் திருத்துவதே கைதிகளின் முதல் வேலை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பலரைக் கொன்றன. தப்பியோடிப் பிடிபட்ட எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். பிற்காலத்தில் கைதி ஒவ்வொருவரின் கழுத்திலும் மரவில்லை தொங்கியது. அதில் அவரது எண், தண்டனைப் பிரிவு, தீர்ப்பு நாள், விடுதலை நாள் ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன.

குடியேற்றம் அந்தமானியப் பழங்குடியினரின் நிலத்தையும் பறித்தது. 1859 மே மாதம் அவர்கள் குடியேற்றத்தின் ஆபர்தீன் பகுதியைத் தாக்கினர். அவர்களோடு வாழ்ந்திருந்த தூத்நாத் திவாரி என்ற கைதி ஆங்கிலேயரை முன்கூட்டியே எச்சரித்ததால் தோற்றனர். பின்னர் பரவிய தொற்றுநோய்களால் அவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது.

இங்குள்ள புகழ்பெற்ற செல்லுலார் சிறை 1906-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக் காலம் காடு திருத்தி மாண்ட பெயர் தெரியாத கைதிகளும் விடுதலை வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.