அம்மன் கழுத்திலிருந்து அரங்கத்துக்கு

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போனால் முத்திரையைப் பார்ப்பீர்கள், அபிநயத்தைப் பார்ப்பீர்கள். அடுத்த முறை ஆடுகிற பெண்ணின் தலையையும் கவனியுங்கள். வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியப்பிறை, இடப்பக்கம் சந்திரப்பிறை, பின்னால் ராக்கொடி. இந்த நகைகளுக்குப் பேர்போன ஊர் நாகர்கோவில் வடசேரி.

ராஜா காலத்தில் தங்கமும் கெம்புமாகச் செய்தது சாமிக்கு. சாமிக்கு வேர்க்காது, சாமி குதிக்காது. கனம் எவ்வளவு இருந்தால் என்ன? நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே 1930-ல் தேவதாசி முறையை ஒழித்தார்கள். வேடிக்கை பாருங்கள், ஐந்தே வருஷத்தில், 1935-ல், சென்னை அடையாறில் ருக்மிணிதேவி மேடையேறினார். நடனத்தோடு உடையையும் நகையையும் மாற்றியமைத்தார். கோயில் நகை மேடைக்கு வந்தது.

ஆடுகிற பெண்ணுக்குச் செய்வது வேறு கணக்கு. வெள்ளித் தகட்டில் கண்ணறை அமைத்து, அரக்கு நிரப்பி, சிவப்புக் கல் பதித்து, ஓரமெல்லாம் தங்க ரேக்கை அழுத்தணும். அரைமண்டியில் உட்காரும்போது ஒட்டியாணம் குத்தக் கூடாது. சுழலும்போது பிறை கழன்று விழக் கூடாது. நெற்றியும் இடுப்பும் ஆளுக்கு ஆள் மாறுமே!

அப்புறம் அச்சில் வார்த்த கில்ட் நகை வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு நாள் போடுவதற்கு வெள்ளி எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் வடசேரியில் பட்டறைகள் குறைந்தன. பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். 2007-08-ல் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பது பெயரை மட்டும்தான். அதே மாதிரி கில்ட்டில் செய்து வேறு பெயரில் விற்றால் யார் தடுப்பது?

ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: அடியில் வெள்ளியா? வெள்ளியென்றால், கல் விழுந்தாலும் திரும்பப் பதித்துக்கொள்ளலாம். கில்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.